சுவரொட்டி சாப்பிட்டால் மண்ணீரல் வளருமா?

“ஆட்டுச் சுவரொட்டி வாங்கிக் கொடுங்க, போன மண்ணீரல் திரும்ப வளந்துடும்.” மண்ணீரலை எடுக்கும் அறுவை முடிந்து வீடு திரும்பியவருக்குச் சொந்தக்காரர்கள் சொல்லும் வைத்தியம் இது. கறிக்கடையில் சுவரொட்டி என்று கேட்டு வாங்குவது ஆட்டின் மண்ணீரலைத்தான். அதில் இரும்புச்சத்து நிறைய உண்டு. ரத்தம் இழந்தவருக்கு நல்ல சாப்பாடு. ஆனால் வயிற்றுக்குள் போனால் அதுவும் கறிதான், செரித்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், மண்ணீரல் திரும்ப வளர்வது முழுப் பொய் இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு முடிந்து, டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே கொல்கத்தா நெடுஞ்சாலையில் பைக்கில் போகிறவருக்கு இடது விலாவில் பலத்த அடி விழுந்தால், சுமார் 150 கிராம் எடையுள்ள அந்த உறுப்பு கிழியலாம். அப்போது சிதறும் துணுக்குகள் சில நேரம் வயிற்றுக்குள்ளேயே ஒட்டி, ரத்தக்குழாய் பிடித்து வளர்கின்றன. 1939-லேயே இதற்கு ‘ஸ்பிளினோசிஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1978-ல் அமெரிக்காவில் பியர்சன் என்ற மருத்துவரின் குழுவினர், விபத்தில் மண்ணீரல் இழந்த குழந்தைகளைச் சோதித்தபோது, பாதிக்கு மேற்பட்டவர்களிடம் அதன் வேலை ஓரளவு திரும்பியிருந்தது. எடுத்த மண்ணீரலை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரையில் வைத்துத் தைக்கும் சிகிச்சை, இதையே கையால் செய்வதுதான்.

“அப்போ தைச்சுட்டா பழையபடி ஆயிடுமே?” ஆகாது. வில்லை முதலில் பட்டினி கிடக்கிறது. நடுப்பகுதி செத்துப்போய், விளிம்பில் தப்பிய செல்களிலிருந்து வாரக்கணக்கில் திசு துளிர்க்கிறது. பிறகு கிழட்டுச் சிவப்பணுக்களை வடிகட்டுகிறது, அணுக்களில் மிஞ்சும் துகள்களைப் பொறுக்குகிறது; ரத்தப் பரிசோதனையில் இது தெரியும். குப்பை வாருவது வேறு, காவல் காப்பது வேறு. நிமோகாக்கஸ் போல வழுவழுப்பான சர்க்கரை உறை போர்த்திய கிருமிகளைப் பிடிக்க, தனித் தமனி வழியே ரத்தம் பாய்ந்தோடும் மண்ணீரல் வேண்டும். வில்லைக்குக் கிடைப்பது சின்னக் குழாய்களின் கசிவுதான். துணுக்கு வளர்ந்திருந்தும் இந்தத் தொற்றில் இறந்தவர்கள் உண்டு. தைப்பது வீண் என்று சொல்லவில்லை; தைத்ததை நம்பி, இந்தக் கிருமிகளுக்கான தடுப்பூசியை விடுவதைத்தான் தவறு என்கிறேன். மண்ணீரல் நோயைக் கூட்டியதால் எடுத்தவர்களுக்கு, தலசீமியா போல, திரும்பத் தைக்கவும் கூடாது.

“மண்ணீரல் கிழிஞ்சு ரத்தம் கசியுதுன்னு சொல்றாங்க, ஆனா ஆபரேஷன் பண்ணாம சும்மா பாத்துக்கிட்டிருக்காங்க.” சண்டை போடாதீர்கள். ரத்த அழுத்தம் நிலையாக இருந்தால், ஸ்கேன் எடுத்து, ஐ.சி.யு.வில் வைத்துக் கண்காணிப்பதுதான் இன்றைய முறை. எந்த வில்லையையும்விட, இருந்த இடத்திலேயே தப்பிய மண்ணீரல் மேல்.

“சின்ன வயசுலயே எல்லா ஊசியும் போட்டாச்சு.” அதே போல உறை போர்த்திய ஹிப் கிருமிக்கான மருந்து அடங்கிய ஐந்து-நோய்த் தடுப்பூசி, தமிழ்நாட்டின் குழந்தைகள் அட்டவணைக்கு வந்ததே 2011 டிசம்பரில், நிமோகாக்கஸ் ஊசி 2021-ல். இன்று லேத்தில் நிற்பவர் அதற்கு வெகுமுன்பே பிறந்தவர். அவருக்கு இந்த இரண்டோடு மெனிங்கோகாக்கஸ் ஊசியும், வருடா வருடம் ஃபுளூ ஊசியும் வேண்டும். திட்டமிட்ட அறுவை என்றால் 2 வாரம் முன்பே போட வேண்டும். விபத்து என்றால் அறுவைக்குப் பின் 14-ஆம் நாள் வாக்கில். இங்கேதான் ஒரு ஓட்டை. சாலை விபத்தில் அடிபட்டவருக்கான அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் முதல் 48 மணி நேரத்தைப் பார்த்துக்கொள்கிறது. வேலைக்கு வந்த வெளிமாநிலத் தொழிலாளி என்றால், ஊசி நாள் வரும்போது ஆள் ஒடிசாவுக்கு ரயில் ஏறியிருப்பார். அப்படிக் கிளம்புகிறவர் டிஸ்சார்ஜுக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

“வெறும் காய்ச்சல்தானே, மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக்கலாம்.” எல்லாவற்றையும்விட ஆளைக் கொல்லும் நம்பிக்கை இதுதான். மண்ணீரல் இல்லாதவருக்குக் காலையில் குளிர் எடுத்த காய்ச்சல், மறுநாளுக்குள் ரத்தம் முழுக்க விஷமாகலாம். அப்படி முற்றியவர்களில் பாதிப்பேர்வரை இறக்கிறார்கள். நேராக அவசரப் பிரிவுக்குப் போய், முதல் வாக்கியமாக “எனக்கு மண்ணீரல் எடுத்திருக்கு” என்று சொல்ல வேண்டும். நாய் கடித்தாலும் அதே; வெறிநாய் ஊசியோடு ஆன்டிபயாடிக்கும் தேவை. மலேரியாவும் இவர்களைக் கடுமையாகத் தாக்கும், ஒடிசா, ஜார்க்கண்ட் காட்டுப்பகுதிகளுக்கு ஊர் திரும்புகிறவர் கொசுவலையை மறக்கக் கூடாது. சட்டைப்பையில் வைக்கும் ‘மண்ணீரல் இல்லை’ சீட்டைத் தமிழில் மட்டும் எழுதிக் கொடுத்தால், அங்கே அதைப் படிக்க ஆள் இருக்காது.