வெட்டப்படும் மாவுருவம்

லடாக்கிலுள்ள ஸன்ஸ்கார் பள்ளத்தாக்கின் மிகப் பெரிய மடாலயம் கர்ஷா. ஆண்டுதோறும் அங்கு நடைபெறும் பௌத்தத் திருவிழா 'குஸ்தோர்'. '29-ஆம் நாள் படையல்' என்பது அதன் பொருள். துறவியர் முகமூடி அணிந்து ஆடுவர். நிறைவில், கருந்தொப்பி அணிந்த துறவி மாவினால் செய்த உருவமொன்றை வாளால் துண்டிப்பார். 'நான்' என்னும் பற்றும் அறியாமையுமே அவ்வுருவம் என்று பௌத்த மரபு விளக்குகிறது.

முன்பு தெற்கிலிருந்து இப்பள்ளத்தாக்கிற்கு வருவோர் இமாசலப் பிரதேசத்தின் தார்ச்சாவில் புறப்பட்டு, சுமார் 5,000 மீட்டர் உயரமுள்ள ஷிங்கோ லா கணவாயைக் கடந்து, ஏறத்தாழ ஒரு வாரம் நடந்தனர். அவ்வுயரத்தில் மூச்சுத் திணறும். செல்வமும் கல்வியும் அங்கு உதவா. பணிந்து, அடிமேல் அடி வைத்து ஏறுவதொன்றே வழி. விழாவைக் காணுமுன்பே அகந்தையின்மீது முதல் வெட்டு விழுந்துவிடும்.

2024 மார்ச்சில் நிம்மு-பதும்-தார்ச்சா சாலை இணைக்கப்பட்டது. பனியால் துண்டிக்கப்பட்டு வாழ்ந்த அம்மக்களுக்கு அது பெரும் நன்மை. ஆயினும், பெங்களூரிலிருந்து விமானத்திலும் வண்டியிலும் சென்று விழாக் காணும் அன்பர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கால்களின் உழைப்பைச் சாலை குறைத்துவிட்டது. அகந்தையைக் களையும் உழைப்பை எச்சாலையும் குறைக்காது. வாள் விழும் அக்கணத்தில், 'என்னுள் வெட்டப்பட வேண்டியது எது?' என்று தம்மையே வினவுபவர்தாம் உண்மையில் அவ்விழாவைக் கண்டவர்.