டாஷ்போர்டை மூடினால் கணக்கும் மூடிவிடுமா?

காலை ஒன்பது மணிக்கு மும்பையின் குர்லா மேற்கில் ஸ்டேஷன் வாசலில் நின்றால் தெரியும். செம்பூரிலிருந்து ஹார்பர் லைனில் இரண்டாவது ஸ்டேஷன் குர்லா, மாட்டுங்காவிலிருந்து சென்ட்ரல் லைனிலும் இரண்டாவது ஸ்டேஷன் குர்லாதான். இறங்கிய கூட்டம் பிகேசி வணிகப் பகுதிக்குப் போகும் ஷேர் ஆட்டோவுக்கும் 310-ஆம் நம்பர் பஸ்ஸுக்கும் முட்டி மோதும். அதில் தாராவி, செம்பூர் வீடுகளிலிருந்து வரும் நம் பிள்ளைகளும் உண்டு. என்ன வேலை என்று கேட்டால் 'எம்ஐஎஸ்' என்பார்கள், 'டேட்டா அனலிஸ்ட்' என்பார்கள். கம்பெனியின் விற்பனை, வசூல், சரக்கு இருப்பு எல்லாவற்றையும் கலர் கலரான பட்டைகளாகவும் வட்டங்களாகவும் மாற்றி முதலாளியின் திரையில் காட்டும் வேலை. கொரோனா நாட்களில் எல் வார்டான குர்லாவில் எத்தனை பேர், தாராவி இருக்கும் ஜி நார்த்தில் எத்தனை பேர் என்று மாநகராட்சி வெளியிட்ட வார்டு வாரிப் படங்களைத் தினமும் பார்த்தவர்களுக்கு டாஷ்போர்டு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

டேப்லோ, பவர் பிஐ, லுக்கர் ஸ்டுடியோ. பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் இந்த வேலை நடக்கிறது. படம் வரையக் கற்றுக்கொடுக்க வகுப்புகள் ஏராளம். கணக்கிலிருந்து எப்படி வெளியேறுவது, யாருடைய அனுமதியை எப்போது எடுப்பது என்பதை யாரும் கற்றுத் தருவதில்லை. அந்த இடத்தை வாய்வழி நம்பிக்கைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

நம்பிக்கை: பிரவுசரை மூடிவிட்டேன், அதனால் வெளியே வந்துவிட்டேன்.

இல்லை. நீங்கள் உள்ளே வந்ததற்கு அடையாளமாக ஒரு குக்கி பிரவுசரில் உட்கார்ந்திருக்கிறது. டேப்லோ சர்வரில் யாரும் தொடாமல் கிடக்கும் அமர்வு தானாக முடிய, வழக்கமான அமைப்பில் 240 நிமிடம் ஆகும். நான்கு மணி நேரம்! சாப்பாட்டு இடைவேளைக்கு எழுந்து போனவருடைய டாஷ்போர்டு, அவர் திரும்பி வருவதற்குள் இரண்டு பேர் கைமாறியிருக்கலாம். குரோமில் 'விட்ட இடத்திலிருந்து தொடர்' என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தால், மூடும்போதே அழிய வேண்டிய குக்கிகளும் மறுபடி உயிர் பெறும். கம்ப்யூட்டரில் நிறுவிப் பயன்படுத்தும் டேப்லோ டெஸ்க்டாப் இன்னும் தாராளம். அட்மின் தடுத்து வைக்காவிட்டால், ஒருமுறை சர்வரில் நுழைந்ததை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை திறந்ததும் கேள்வி கேட்காமல் உள்ளே விடும். அதில் வெளியேற, மேலே 'சர்வர்' மெனுவுக்குப் போய் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் சைன் அவுட் என்பதை அழுத்த வேண்டும். இணையத்தில் பார்க்கும்போது வலது மேல் மூலையில் இருக்கும் உங்கள் படத்தையோ பெயரின் முதல் எழுத்தையோ தட்டினால் அது கிடைக்கும்.

அவசரத்துக்கு வேறொருவர் கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டி வந்தால் இன்காக்னிட்டோ ஜன்னல் நல்லது. எல்லா இன்காக்னிட்டோ ஜன்னல்களையும் மூடினால் குக்கி போய்விடும். ஆனால் இறக்கிய எக்செல் ஃபைல் டவுன்லோட்ஸில் அப்படியே இருக்கும், அதை நீங்கள்தான் அழிக்க வேண்டும்.

நம்பிக்கை: முறையாகச் சைன் அவுட் செய்துவிட்டேன், இனிக் கவலை இல்லை.

அந்த ஒரு கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை சரி. ரயிலிலிருந்து இறங்கியதும் சீசன் பாஸ் காலாவதியாகிவிடுவதில்லை, இதுவும் அப்படித்தான். உங்கள் போனில் டேப்லோ ஆப் திறந்தே இருக்கும், வீட்டு லேப்டாப்பில் பவர் பிஐ திறந்தே இருக்கும். டேப்லோ கிளவுடில் உங்கள் கணக்கு அமைப்புப் பக்கத்தில், இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து பார்த்தால் எப்போதோ விட்ட பழைய லேப்டாப்பின் பெயர்கூட வரலாம். அங்கேயே நீக்கிவிடலாம். பவர் பிஐ மைக்ரோசாஃப்ட் கணக்கின் மேல் ஓடுவது. அதில் எல்லா இடத்திலிருந்தும் வெளியேறும் வசதி உண்டு, கம்பெனி அட்மினும் ஒருவருடைய எல்லா அமர்வுகளையும் ரத்து செய்யலாம். ஆனால் ஏற்கெனவே கொடுத்த அணுகல் டோக்கன் ஒரு மணி நேரம் போல உயிரோடிருக்கும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். லுக்கர் ஸ்டுடியோவுக்கு கூகுள் கணக்கின் 'உங்கள் சாதனங்கள்' பக்கம்.

நம்பிக்கை: பாஸ்வேர்டை மாற்றினால் எல்லாத் தொடர்பும் அறுந்துவிடும்.

படித்தவர்களும் ஏமாறும் இடம் இதுதான். பாஸ்வேர்டே இல்லாத வாசல்கள் இந்த மென்பொருள்களில் நிறைய.

பவர் பிஐயில் 'பப்ளிஷ் டு வெப்' என்றொரு வசதி. அழுத்தினால் ஒரு லிங்க் வரும். அந்த லிங்க் கையில் இருக்கும் யாரும், லாகின் எதுவும் இல்லாமல், உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ரிப்போர்ட்டைப் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் முதலாளிக்கு அனுப்பச் சுலபம் என்று இதை அழுத்துகிறவர்கள் உண்டு. அதன் பிறகு நூறு முறை பாஸ்வேர்டை மாற்றினாலும் லிங்க் அசையாது. அமைப்புப் பகுதியில் எம்பெட் கோடுகளின் பட்டியலைத் திறந்து அந்தக் கோடை நீக்கினால்தான் மூடும். லுக்கர் ஸ்டுடியோவில் வேறு கண்ணி: தகவலை உரிமையாளரின் அனுமதியில் காட்டுவதா, பார்ப்பவரின் அனுமதியில் காட்டுவதா என்று ஒரு தேர்வு இருக்கும். உரிமையாளர் அனுமதி என்று வைத்துவிட்டு, லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம் என்றும் வைத்தால், பின்னால் இருக்கும் கணக்கு ஷீட்டைத் திறக்க உரிமை இல்லாதவரும் ரிப்போர்ட் வழியாக எண்களைப் பார்த்துவிடுவார். டேப்லோவில் ஆட்டோமேஷனுக்காக உருவாக்கும் தனிப்பட்ட அணுகல் டோக்கன் இன்னொரு வாசல். தொடர்ந்து 15 நாள் பயன்படுத்தாவிட்டால் அது தானே செத்துவிடும். தினமும் ஒரு ஸ்கிரிப்ட் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தாலோ, அதன் காலக்கெடு முடியும்வரை ஓடும்.

இதற்காக மாதாமாதம் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும் அலுவலகங்களும் உண்டு. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி 2017-லேயே அந்தப் பழக்கத்தைக் கைவிடச் சொல்லிவிட்டது. மாற்றச் சொல்லச் சொல்ல, ஜனங்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டிக்கொண்டே போவார்கள். பாஸ்வேர்ட் வெளியே போனதற்கு அறிகுறி இருந்தால் உடனே மாற்ற வேண்டும், அதில் சந்தேகமில்லை. 2024-ல் ஸ்னோஃப்ளேக் என்ற தகவல் தளத்தைப் பயன்படுத்திய சுமார் 165 நிறுவனங்கள் ஆபத்துக்கு உள்ளானபோது, திருடர்கள் கையில் இருந்த பாஸ்வேர்ட்களில் சில 2020-ல் திருடப்பட்டவை. நாலு வருஷம் யாரும் மாற்றவில்லை, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் போடவில்லை. ஓடிபி போலொரு இரண்டாம் பூட்டு இருந்திருந்தால் அந்தப் பழைய பாஸ்வேர்ட் செல்லாக்காசு.

நம்பிக்கை: வேலையை விட்டவர் பெயரை எடுத்தால் அவர் செய்த ரிப்போர்ட்டெல்லாம் போய்விடும். அப்படியே விட்டுவிடுவோம்.

குர்லாவில் எல்பிஎஸ் மார்க்கை ஒட்டிய சின்ன அலுவலகங்களில் இந்தப் பேச்சு சகஜம். "தம்பி, அவன் போய் மூணு மாசம் ஆச்சு, பேரை எடுத்துடலாமா?" என்று அண்ணாச்சி கேட்பார். "வேண்டாம் அண்ணாச்சி, எடுத்தா காலையில கலெக்‌ஷன் ரிப்போர்ட் வராது" என்பார் தம்பி. விஷயம் அதோடு முடிந்துவிடும்.

தம்பியின் பயம் பாதி நியாயம். பவர் பிஐயில் தகவலைத் தானாகப் புதுப்பிக்கும் வேலை, அந்தத் தகவல் தொகுப்பின் உரிமையாளர் கொடுத்த அனுமதியில் ஓடுகிறது. அவர் கணக்கு போனால் புதுப்பித்தல் நிற்கும். தொடர்ந்து நாலு முறை தோற்றால் அட்டவணையே அணைந்துவிடும். ஆனால் இதற்கு வழி இருக்கிறது. தொகுப்பின் அமைப்புகளில் 'டேக் ஓவர்' என்ற பொத்தானை அழுத்தி, வேலையில் இருக்கும் ஒருவர் உரிமையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, தன் லாகினைக் கொடுத்தால் மறுநாள் காலை ரிப்போர்ட் வந்துவிடும். டேப்லோ கிளவுட் இதில் எச்சரிக்கையானது. ஒர்க்புக் எதையாவது தன் பெயரில் வைத்திருப்பவரை நீக்க முயன்றால் நீக்காது, லைசென்ஸ் இல்லாதவராக மட்டும் மாற்றி வைக்கும். ஒர்க்புக்கை இன்னொருவர் பெயருக்கு மாற்றிய பிறகுதான் முழுதாக நீக்க முடியும். ஆக, ரிப்போர்ட் தானாக அழிந்துவிடும் என்பது கட்டுக்கதை. முதலில் உரிமை மாற்றம், அதே நாளில் பெயர் நீக்கம் என்பதுதான் வரிசை. விலகுபவர் தன் சொந்த ஒர்க்ஸ்பேஸில் எதையாவது ஒளித்து வைத்திருக்கிறாரா என்று போகுமுன்பே கேட்டுப் பொதுவிடத்துக்கு மாற்றச் சொல்ல வேண்டும்.

அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் பிளாக் நிறுவனம் சாட்சி. அதன் கேஷ் ஆப் இன்வெஸ்டிங் பிரிவில் வேலை பார்த்து விலகிய ஒருவர், 2021 டிசம்பர் 10 அன்று, வேலையில் இருந்தபோது தனக்கு வழக்கமாகக் கிடைத்துவந்த ரிப்போர்ட்களையே இறக்கிக்கொண்டார். வாடிக்கையாளர் பெயர், தரகுக் கணக்கு எண் எல்லாம் அதில். 2022 ஏப்ரலில் பிளாக் இதை வெளியே சொன்னபோது, இன்றைய, நேற்றைய வாடிக்கையாளர்கள் சுமார் 82 லட்சம் பேரைத் தொடர்புகொள்ள வேண்டியிருந்தது. பூட்டை உடைக்கும் வேலையே அங்கே நடக்கவில்லை. சிங்கப்பூரில் என்சிஎஸ் நிறுவனத்திலிருந்து 2022 நவம்பரில் நீக்கப்பட்ட ஒருவர், அப்போதும் உயிரோடிருந்த அட்மின் லாகினில் நுழைந்து 2023 மார்ச்சில் 180 மெய்நிகர் சர்வர்களை அழித்தார். 2024-ல் அவருக்கு இரண்டு வருஷம் எட்டு மாதச் சிறை.

நம்பிக்கை: நாலு பேருக்கு ஒரே லாகின் போதும், சிக்கனம்.

இந்த லைசென்ஸ்கள் பெயர் வாரியாகக் கொடுக்கப்படுபவை, பகிர்ந்தால் ஒப்பந்த மீறல். அதைவிடப் பெரிய நஷ்டம், யார் எதைப் பார்த்தார், எதை இறக்கினார் என்று பதிவில் ஒரே பெயர்தான் இருக்கும். நாட்டின் சைபர் அவசர அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு, பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. நாலு பேர் ஒரு பெயரில் நுழைந்தால் அந்தப் பதிவை வைத்து யாரைக் கேட்பது? நாலில் ஒருவர் வேலையை விட்டால் மீதி மூவரும் பயன்படுத்தும் அந்தப் பாஸ்வேர்ட் அன்றே மாற வேண்டும். மாற்றிய அலுவலகத்தை நான் பார்த்ததில்லை.

நம்பிக்கை: அவர்கள் தடுக்கவில்லையே, பழைய ஆபீஸ் டாஷ்போர்டை எட்டிப் பார்த்தால் என்ன தப்பு?

தப்புதான். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-வது பிரிவு, கம்ப்யூட்டருக்குப் பொறுப்பானவரின் அனுமதி இல்லாமல் நுழைவதையும் தகவலை எடுப்பதையும் குறிக்கிறது. நேர்மையற்ற நோக்கம் இருந்தால் 66-வது பிரிவின்படி மூன்று வருஷம்வரை சிறை, 5 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். இன்னொருவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவதற்கு 66சி தனியாக இருக்கிறது. கதவைத் திறந்து வைத்த நிறுவனமும் தப்பாது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யாதவர்களுக்கு 250 கோடி ரூபாய்வரை அபராதம் வைத்திருக்கிறது.

வேலை மாறிய பிறகும் உங்கள் போனில் பழைய கம்பெனியின் ரிப்போர்ட் திறக்கிறது என்றால், உள்ளே போய் ரசிக்காதீர்கள். சைன் அவுட் செய்யுங்கள், ஆப்பை எடுங்கள், என் அனுமதியை நீக்கிவிடுங்கள் என்று பழைய மேனேஜருக்கு இன்றைக்கே ஒரு மெயில் போடுங்கள். அதன் நகல் உங்கள் சொந்த மெயிலில் இருக்கட்டும்.