'மதுமதி'யும் மறுபிறப்பும்

பிமல்ராய் 1958-இல் எடுத்த 'மதுமதி' என்னும் இந்திப் படத்தில், புயலிரவில் பழைய மாளிகையொன்றில் ஒதுங்கும் தேவேந்திரனுக்கு முற்பிறவி நினைவு எழுகின்றது. மதுமதியின் சாவுக்குக் காரணனான உக்ரநாராயணனின் மறைந்த குற்றம் வெளியாகின்றது. தேவேந்திரனின் மனைவியே அம்மதுமதி எனக் கதை முடியும். பாட்டுகள் இனியன, மறுக்கவில்லை.

"அதே முகத்தோடா பிறப்போம்?" என ஆலைத்தோழர் ஒருவர் என்னை வினவினார். பிறப்பவன் இறந்தவனுமல்லன், வேறொருவனுமல்லன் என்று மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் விடையிறுத்தார். இரவெல்லாம் எரியும் விளக்கில் முதற்சாமச் சுடரே கடைச்சாமச் சுடரன்று. எனினும் தொடர்ச்சி அறவில்லை.

ஆயின் உக்ரநாராயணன் வினை யாரைச் சாரும்? 'நட்ட மாங்கனி வேறு, நான் பறித்தது வேறு' என்று கள்வன் தப்பவியலுமோ?

மணிபல்லவத்தில் பழம்பிறப்புணர்ந்த மணிமேகலை, உதயகுமரனே முற்பிறப்பில் தன் கணவன் இராகுலன் என்றறிந்தாள். அறிந்தும் அவனை மணந்திலள்.