முகவுரையைத் தாண்டிப் படியுங்கள்

அன்புள்ள இளம் வழக்கறிஞருக்கு,

சுற்றுச்சூழல் சட்டம் படித்துவிட்டுப் பன்னாட்டுப் பேச்சுவார்த்தைகளுக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தங்களின் முகவுரையில் மயங்கி நின்றுவிடுகிறார்கள். மனிதகுலம், வருங்காலத் தலைமுறை போன்ற நெஞ்சை நிறைக்கும் சொற்களெல்லாம் அங்கேதான் இருக்கின்றன. நீங்கள் பின்பக்கங்களைப் புரட்டுங்கள். எந்த ஆண்டுக்குள் எவ்வளவு குறைப்பது, யார் பணம் தருவது, சேராத நாட்டோடு வணிகம் உண்டா என்பதெல்லாம் எழுதப்பட்ட பக்கங்கள் அவை.

ஓசோன் படலத்தைக் காக்க 1987 செப்டம்பர் 16-இல் உருவான மாண்ட்ரியல் உடன்படிக்கை இதற்கு நல்ல பாடம். ஃப்ரிட்ஜிலும் ஸ்பிரே டப்பாவிலும் இருந்த குளோரோபுளோரோகார்பன் (சிஎஃப்சி) வாயுக்கள் ஓசோனைச் சிதைக்கும் என்று மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974-இல் எழுதினார்கள். அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் வெகுவாக மெலிந்திருப்பதை ஜோசப் ஃபார்மன் குழு 1985-இல் வெளியிட்டது. அந்த மெலிவுக்குக் காரணம் இந்த வாயுக்கள்தான் என்று ஐயமற நிறுவப்படும் முன்பே 24 நாடுகள் கையெழுத்திட்டன.

ஆனால் அன்று கையெழுத்தான வாக்குறுதி பலவீனமானது. நூற்றாண்டின் இறுதிக்குள் பாதியாகக் குறைப்பது, அவ்வளவுதான்.

அதைக் காப்பாற்றியது உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவிலுள்ள ஒன்பதாம் பத்தி. பட்டியலில் ஏற்கெனவே உள்ள வேதிப்பொருளை இன்னும் வேகமாக ஒழிக்க வேண்டுமானால், உறுப்பு நாடுகள் கூடி முடிவெடுத்தால் போதும். ஒருமித்த கருத்து வராவிட்டால் கடைசி வழியாக வாக்கெடுப்பும் உண்டு. அந்த முடிவு எல்லா உறுப்பு நாடுகளையும் கட்டுப்படுத்தும். ஒவ்வொரு நாட்டின் ஒப்புதலுக்காகவும் மறுபடி காத்துக் கிடக்க வேண்டாம். அதனால்தான் 1990-இல் லண்டனில் பாதி என்பது 2000-க்குள் முழு ஒழிப்பானது. 1992-இல் கோபன்ஹேகனில், வளர்ந்த நாடுகளுக்கு அந்தக் கெடு 1996-க்கு முன்னேறியது. விஞ்ஞானம் நகர நகரச் சட்டமும் கூடவே நகர்ந்தது.

இந்தியாவும் சீனாவும் முதலில் சேரவில்லை. அவற்றின் கேள்வி நியாயமானது. இந்த வாயுக்களை ஆண்டுக்கணக்கில் கொட்டித் தீர்த்தவை பணக்கார நாடுகள். வீடுகளுக்கு ஃப்ரிட்ஜ் இப்போதுதான் எட்டிப் பார்க்கும் நாடு மாற்றுத் தொழில்நுட்பத்துக்கு ஏன் தன் கையிலிருந்து செலவழிக்க வேண்டும்? அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி லண்டனில் இதை விடாப்பிடியாக வாதாடினார். வளரும் நாடுகளுக்குப் பத்தாண்டு அவகாசம் ஏற்கெனவே இருந்தது. லண்டனில் ஒரு பலதரப்பு நிதியமும் பிறந்தது. அதன் செயற்குழுவில் வளர்ந்த நாடுகளுக்கு 7 இடம், வளரும் நாடுகளுக்கு 7 இடம். இந்தியா 1992-இல் இணைந்தது. இன்று 198 தரப்புகள் இதில் உறுப்பினர். நாளை ஒரு ஏழை நாட்டின் சார்பில் நீங்கள் பேச நேர்ந்தால், நீதியை இப்படிக் கேளுங்கள்: எத்தனை ஆண்டு அவகாசம், எவ்வளவு பணம், குழுவில் எத்தனை நாற்காலி.

அறிக்கைகளை மட்டும் நம்பவும் கூடாது. உலகம் முழுவதும் உற்பத்தி ஒழிந்துவிட்டதாகக் கணக்குக் காட்டப்பட்ட சிஎஃப்சி-11 வாயுவின் கசிவு மீண்டும் கூடுகிறது என்று 2018-இல் தெரியவந்தது. தென்கொரியாவின் கோசான், ஜப்பானின் ஹதெருமா நிலையங்களில் எடுத்த அளவுகளை வைத்து, அந்த உயர்வில் கணிசமான பகுதி கிழக்குச் சீனாவிலிருந்து வருகிறது என்று அடுத்த ஆண்டே ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதன்பின் கசிவு வெகுவாகக் குறைந்தது. அந்த இரு நிலையங்களும் இல்லாதிருந்தால்? உலகின் பல பகுதிகளில் அப்படி அளக்க இன்றும் ஆளில்லை.

இந்தக் கதையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த ஒருவருக்கும் பங்குண்டு. வீரபத்ரன் ராமநாதன் படிப்பு முடிந்ததும் செகந்திராபாத்தில் ஒரு குளிர்பதன நிறுவனத்தில் வேலை பார்த்தவர். இதே வாயுக்கள் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிடப் பல்லாயிரம் மடங்கு வலிமையானவை என்று 1975-இல் காட்டினார். பின்னாளில் மாற்றாக வந்த ஹைட்ரோபுளோரோகார்பன் (எச்எஃப்சி) வாயுக்கள் ஓசோனைக் கெடுக்காவிட்டாலும் சூட்டை ஏற்றின. 2016-இல் கிகாலியில் அவற்றையும் அதே உடன்படிக்கைக்குள் கொண்டுவந்தார்கள். இந்தியா 2047-க்குள் அவற்றை 85 விழுக்காடு குறைக்க வேண்டும்.

இந்த அச்சை அப்படியே எல்லாவற்றுக்கும் பொருத்த முடியாது. ஓசோனைக் கெடுத்த வாயுக்களைத் தயாரித்தவை சில நிறுவனங்களே. நிலக்கரியும் பெட்ரோலும் ஒவ்வொரு நாட்டின் பொருளாதாரத்திலும் ஊறியவை. காலநிலைக்கான 2015 பாரிஸ் உடன்படிக்கையில் ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே வகுத்துக்கொள்கிறது. தவறினால் தண்டனை இல்லை.

பிளாஸ்டிக் மாசுக்கான ஒப்பந்தப் பேச்சுவார்த்தை 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் உடன்பாடு எட்டாமலே கலைந்தது. கருத்தொற்றுமை வராதபோது வாக்கெடுப்பு நடத்தலாமா என்ற நடைமுறைக் கேள்வியைக்கூட நாடுகள் அதுவரை தீர்த்துக்கொள்ளவில்லை. எல்லாரையும் கொட்டாவி விட வைக்கும் அந்த விதிமுறை விவாதத்தில் போய் உட்காருங்கள். அங்கேதான் உங்களைப் போன்றவர்கள் அதிகம் தேவைப்படுகிறார்கள்.