வெள்ளம் தொட்ட விரிப்புகளும் பாய்களும்: எதைக் கொண்டு கழுவுவது?



வெள்ளம் வடிந்து வீடு திரும்பும்போது முதலில் கண்ணில் படுவது சேறு. கல்முனைக் கரையோர மக்கள் இதனை 2004 டிசம்பர் 26 இல் சுனாமியின் பின்னும், 2011 சனவரி வெள்ளத்தின் பின்னும், 2024 நவம்பர் வெள்ளத்தின் பின்னும் கண்டார்கள். பாத்திரத்தைக் கழுவிவிடலாம், சுவரைத் தேய்த்துவிடலாம். ஆனால் தரை விரிப்பு, முஸல்லா, பன்பாய் போன்றவை அழுக்கை உள்ளே இழுத்து வைத்துக் கொள்கின்றன. பிள்ளைகள் தவழ்வதும், பெரியவர்கள் படுப்பதும், தொழுகை நடப்பதும் இவற்றின் மீதுதான். இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்றுக்குப் புதியது வாங்குவதும் இலகுவல்ல. ஆகவே இருப்பதைப் பழுதாக்காமல் சுத்தம் செய்வது எப்படி என்பதை இப்பாடத்தில் கற்போம்.

கடையில் விலை கூடிய பொருள்தான் நன்றாகச் சுத்தம் செய்யும் என்று எண்ண வேண்டாம். வாங்குவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்போம்.

1. விரிப்பு எதனால் ஆனது?

பிளாஸ்டிக் பாயும், செயற்கை நூலால் ஆன காபட்டும் சலவைத்தூளையும் குளோரினையும் பெரும்பாலும் தாங்கும். கம்பளி விரிப்பைக் குளோரின் அரித்துவிடும். அதற்கு மென்மையான சவர்க்கார நீரே போதும். சாம்பல், காஸ்டிக் சோடா ஆகியவையும் கம்பளிக்கு ஆகா. பருத்தி விரிப்பு குளோரினைத் தாங்கினாலும் சாயம் போகும். பன்பாயை ஊற வைத்தால் பன் அழுகும். ஈரத்துணியால் துடைத்து உடனே காய விடுவதே அதற்கு ஏற்றது. எதனைப் பாவித்தாலும் முதலில் ஒரு மூலையில் சிறிது பூசி, காய்ந்த பின் பார்த்துக் கொள்வோம்.

2. அழுக்கு எத்தகையது?

வயற்சேறு மட்டும் என்றால் காயவிட்டுத் தட்டி உதறினாலே பாதி போய்விடும். இரத்தம், பால் போன்றவற்றுக்குக் குளிர்ந்த நீரே வேண்டும். சுடுநீர் கறையை இறுக்கிவிடும். லாண்ட்மாஸ்டர் எண்ணெய் பட்டிருந்தால் பழைய துணியால் ஒற்றி எடுத்து, மாவைத் தூவிச் சிறிது நேரம் விட்டு உதறி, பின்பு பாத்திரம் கழுவும் திரவத்தால் தேய்க்கலாம். பெற்றோலும் மண்ணெண்ணெயும் வேண்டாம். தீ விபத்துக்கு அது வழி.

மலசலகூடக் குழி நிரம்பி வந்த வெள்ளமானால் கதை வேறு. அதில் நோய்க் கிருமிகள் உண்டு. அந்தச் சேற்றைக் காயவிட்டுத் தட்டினால் தூசியாக மூக்கினுள் போகும். ஈரமாக இருக்கும்போதே நீரூற்றிக் கழுவ வேண்டும்.

3. கழுவும் நீர் எத்தகையது?

உவர் நீரிலும் சுண்ணம் கூடிய நீரிலும் சவர்க்காரம் நுரைக்காது. வெண்படிவாக நூலில் ஒட்டிக்கொள்ளும். அத்தகைய கிணற்று நீருக்குச் சலவைத்தூளே ஏற்றது. ஒரு வாளிக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். கூடப் போட்டால் அலச நீர் காணாது. மிஞ்சும் தூள் மீண்டும் அழுக்கைப் பிடிக்கும்.

வேலையின் ஒழுங்கு

முதலில் சேறு முழுவதும் போகக் கழுவுவோம். பலர் சேற்றின் மீதே குளோரினை ஊற்றுகிறார்கள். குளோரின் சேற்றோடும் அழுக்கோடும் சேர்ந்து தன் வலுவை இழந்துவிடும், கிருமி தப்பிவிடும். பணமும் வீண்.

அடுத்து, குளோரினைத் தாங்கக்கூடிய விரிப்பானால், பிளாஸ்டிக் வாளியில் 10 லீட்டர் நீருக்குக் கிணற்றுக்குப் போடும் குளோரின் தூள் ஏறக்குறைய 30 கிராம் கரைத்துத் தெளிய விடுவோம். அது குவித்த இரண்டு மேசைக்கரண்டி அளவு. மேலே தெளிந்த நீரை மட்டும் எடுத்து, விரிப்பு நன்கு நனையும்படி ஊற்றி 10 நிமிடம் வைத்திருப்போம். தூள் பழையதாகி ஈரம் பிடித்திருந்தால் வலு குறைந்திருக்கும்.

பின்பு நல்ல நீரூற்றி, வழிந்தோடும் நீர் தெளியும்வரை அலசுவோம். நஜீஸ் நீங்க நல்ல நீரால் கழுவ வேண்டும் என்பது முஸ்லிம் சகோதரர்கள் அறிந்தது. சுகாதாரமும் அதனையே வேண்டுகிறது. கடல்நீர் பட்ட விரிப்பை இரு தடவை அலச வேண்டும். உப்பு மிஞ்சினால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து விரிப்பைக் காயவிடாது.

கடைசியாக, இறைவன் தந்த வெயிலிலும் காற்றிலும் இரு பக்கமும் காய விடுவோம். ஓரிரு நாளில் காயாத விரிப்பில் பூஞ்சணம் பிடிக்கும். அது மூச்சிழுப்பு உள்ளவர்களுக்குத் தீங்கானது. பன்பாயை மட்டும் கடும் வெயிலில் நெடுநேரம் விடாமல் காற்றோட்டமான நிழலில் காய விடுவோம்.

உயிருக்கு ஆபத்தானவை

குளோரினோடு மலசலகூடம் கழுவும் அமிலத்தையோ, வினாகிரியையோ, தேசிக்காய்ச் சாற்றையோ ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சு வாயு வெளிவரும். மூடிய அறையில் அது உயிரைப் பறிக்கலாம். அமோனியா சேர்ந்த பொருட்களோடும் கலக்கக் கூடாது. குளோரின் தூளை யூரியா முதலிய பசளை மூடைகளுக்கு அருகில் வைக்கவும் கூடாது. சிறு பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில், குளிர்பானப் போத்தலில் அல்லாமல், அடையாளமிட்ட பாத்திரத்தில் வைப்போம்.

வெள்ளச் சேற்றில் எலியின் சிறுநீர் கலந்திருக்கலாம். காலில் உள்ள காயம் வழியாக எலிக்காய்ச்சல் வரும். செருப்பும் கையுறையும் அணிவோம். கையுறை இல்லாவிடில் பொலித்தீன் பையைக் கையில் கட்டிக் கொள்ளலாம். பின்னர் காய்ச்சல், தசைநோவு கண்டால் தாமதியாமல் வைத்தியசாலைக்குச் சென்று, வெள்ளத்தில் நின்றதையும் சொல்ல வேண்டும். அழுக்கு நீரைக் கிணற்றருகே ஊற்றாதிருப்போம்.

எதனைக் கைவிடுவது?

மலநீரில் நாட்கணக்கில் ஊறிய தடித்த காபட்டையும் பஞ்சு மெத்தையையும் எவ்வளவு கழுவினாலும் உள்ளே சுத்தமாகாது. அவற்றை விட்டுவிடுவதே நல்லது. கிருமிநாசினி வந்த சாக்கைக் கழுவிப் பாயாக விரிப்பதும் வேண்டாம். பொருளை இழப்பது வேதனைதான். ஆனால் மருந்துச் செலவும், வேலைக்குப் போகாத நாட்களும் அதனிலும் பெரிய இழப்பு.

கூடிப் பேச

1. எமது வீட்டிலுள்ள விரிப்புகளில் எவை குளோரினைத் தாங்கும், எவை தாங்கா?
2. எமது கிணற்று நீரில் சவர்க்காரம் நுரைக்கிறதா? இல்லையெனில் என்ன செய்யலாம்?
3. ஒரு தெருவிலுள்ள குடும்பங்கள் சேர்ந்து தூரிகை, வாளி, காயவிடும் கயிறு ஆகியவற்றைப் பொதுவில் வைத்துக்கொள்ள முடியுமா?