நாயோடு டெல்டா பயணம்: தஞ்சாவூர் முதல் கோடியக்கரை வரை

தஞ்சாவூரிலிருந்து வடுவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரை போகும் பாதையில் யானையோ சிறுத்தையோ குறுக்கே வராது. இரு பக்கமும் வயலும் வாய்க்காலும்தான். அதனாலேயே வண்டியை நிறுத்தியதும் நாயை அவிழ்த்துவிடத் தோன்றும். ஆனால் அந்த வயலில் பாம்பும் எலி மருந்தும் இருக்கின்றன, வாய்க்காலில் இழுப்பு இருக்கிறது. சாலை முடியும் இடத்தில் நாய் நுழையவே கூடாத ஒரு காடு இருக்கிறது. நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

1. வழியில் உள்ள சரணாலயங்களில் மானையும் பறவையையும் பார்க்கப் போகிறீர்களா, நாயை வெளியூர் அழைத்துப் போகிறீர்களா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். மான்தான் நோக்கம் என்றால், நாய் நன்கு பழகிய ஒருவரிடம் அதை விட்டுவிட்டுப் போவதே நல்லது. நாய்தான் முக்கியம் என்றால் சரணாலயங்களை விட்டுவிடுங்கள். ஆற்றங்கரையும் மரநிழல் சாலையுமே அதற்குப் போதும். இரண்டும் வேண்டுமென்றால், நாயோடு வெளியே இருக்கப் பெரியவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். குழந்தைகளிடம் அந்தப் பொறுப்பை விடாதீர்கள்.

2. வெறிநாய்க்கடித் தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். நெல் விளையும் பூமிக்குப் போவதால் எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் அவசியம். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரில் நாய் கால் வைத்தாலே, சிறு கீறல் வழியாகக் கிருமி உள்ளே போய்விடும். நாயிடமிருந்து வீட்டில் இருப்பவர்களுக்கும் தொற்றும். வழக்கமாகப் போடும் கூட்டுத் தடுப்பூசியில் இதுவும் சேர்ந்திருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முதல் முறை போடுவதானால் இரண்டு தவணை தேவைப்படும் என்பதால் ஒன்றரை மாதத்துக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். உண்ணி மருந்தையும் அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

3. தையும் மாசியும் நாய்க்கு ஏற்ற மாதங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம். கடலோரத்தில் புயல் பயமும் உண்டு.

4. கிளம்புவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். வயிறு நிறைந்திருந்தால் வண்டியில் வாந்தி எடுக்கும். வழியில் கொஞ்சம் தயிர் சாதம் போதும். ஹோட்டல் சாம்பார் சாதமும் பிரியாணியும் கூடாது. வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். திராட்சையும் சாக்லேட்டும் அதற்கு விஷம். உங்கள் கைப்பையில் உள்ள காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை எதையும் அதற்குக் கொடுக்காதீர்கள்.

5. பின் இருக்கையில் பழைய போர்வையை விரித்து, மார்பைச் சுற்றிப் போடும் பட்டையை சீட் பெல்ட்டோடு மாட்டிவிடுங்கள். கழுத்துப்பட்டையில் மாட்டினால், திடீரென்று பிரேக் போடும்போது கழுத்து இறுகும். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்ட விடாதீர்கள். கழுத்துப்பட்டையில் உங்கள் செல்போன் எண் இருக்கட்டும்.

6. நிறுத்திய காருக்குள் நாயைத் தனியே விடவே கூடாது. 10 நிமிடத்தில் உள்ளே வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அதன் உடல் வெப்பம் சாதாரணமாக 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104-ஐத் தாண்டினால் ஆபத்து. எச்சில் ஒழுகித் தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் வயிற்றிலும் கால்களிலும் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். ஐஸ் வைக்காதீர்கள். பிறகு நேரே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

7. அறுவடைக் காலத்தில் விவசாயிகள் சாலை ஓரத்திலேயே நெல்லைக் காயப் போட்டிருப்பார்கள். அந்த நெல்லை நாய் மிதிக்காமலும் அதன் மேல் காலைத் தூக்காமலும் பார்த்துக்கொள்வது நம் கடமை. ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு அங்கே கிடக்கிறது. நெல் கண்ணில் படாத இடம் வரும்வரை வண்டியை ஓட்டிப்போய், பிறகு நாயை இறக்குங்கள். நெல்லின் கூர்மையான சுணை காதிலும் கால்விரல் இடுக்கிலும் ஏறிச் சீழ் பிடிக்கும். ஏறும்போது ஒருமுறை தடவிப் பாருங்கள்.

8. வாய்க்காலில் குளிக்க விடுவதற்கு முன் கரையைப் பாருங்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கப்பட்டு, கல்லணை வழியாகத் தண்ணீர் வந்த பிறகு ஆறுகளிலும் கால்வாய்களிலும் இழுப்பு பலமாக இருக்கும். கான்கிரீட் சரிவு போட்ட கால்வாயில் விழுந்த நாயால், நன்றாக நீந்தத் தெரிந்திருந்தாலும், பாசி வழுக்கி ஏற முடியாது. அதைக் காப்பாற்றக் குதிக்கும் மனிதரும் மாட்டிக்கொள்வார். படித்துறை இருக்கும் இடத்தில், நீளக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு மட்டும் இறக்குங்கள்.

9. வரப்பில் ஓட விட வேண்டாம் என்பதற்கு எலிதான் முதல் காரணம். எலிக்கு வைக்கும் துத்தநாக பாஸ்பைடு மருந்தைப் பொரியிலும் கருவாட்டிலும் எண்ணெய் விட்டுப் பிசைந்து வைப்பார்கள். அந்த வாசனை நாயையும் இழுக்கும். எலி பிடிக்க மூங்கில் வில்லால் செய்த தஞ்சாவூர்க் கிட்டியில் சின்ன நாயின் கால் சிக்கலாம். சட்டவிரோதமாக மின்கம்பி போடுகிறவர்களும் உண்டு. அதில் மனிதர்களே இறந்திருக்கிறார்கள். நாய் மருந்தைத் தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் சோறு, பால் எதுவும் கொடுக்காமல் மருத்துவரிடம் விரையுங்கள். வாந்தி எடுத்தால் அதிலிருந்து வரும் வாயு உங்களுக்கும் கெடுதல். போகும்போது கார் ஜன்னல்களை எல்லாம் திறந்து வையுங்கள்.

10. எலி இருக்கும் இடத்தில் பாம்பு இருக்கும். கண்ணாடி விரியன் கடித்தால் கடிபட்ட இடம், பெரும்பாலும் முகமோ முன்காலோ, வேகமாக வீங்கும். நல்ல பாம்போ கட்டுவிரியனோ கடித்தால், வீக்கம் குறைவாக இருந்தாலும்கூட, கால் துவண்டு மூச்சு திணறும். கயிறு கட்டுவது, கீறுவது, வேப்பிலை அரைப்பது எதிலும் நேரத்தைப் போக்காதீர்கள். நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். மனிதருக்குப் போடும் விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும். ஆனால் எல்லாக் கால்நடை மருந்தகத்திலும் அது இருக்காது. போன் செய்து கேட்டுவிட்டுப் போவது உயிரைக் காக்கும். தஞ்சாவூர் - பட்டுக்கோட்டை சாலையில் ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் எண்ணையும், வழியில் உள்ள ஊர்களின் கால்நடை மருத்துவமனை எண்களையும் கிளம்பும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962.

11. அறுவடை முடிந்த வயலில் வாத்துக் கூட்டம் மேயும். கோடையில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வரும் கீதாரிகள் எனும் மேய்ப்பர்கள் ஆட்டுக்கிடை போட்டிருப்பார்கள். கிடைக்குக் காவல் நாய்கள் உண்டு. வேற்று நாயைக் கண்டால் அவை விடாது. ஆடும் வாத்தும் மிரண்டு சிதறினால் நஷ்டம் அந்த ஏழை மேய்ப்பருக்கு. கிடை தெரிந்தால் வண்டியை நிறுத்தாமல் கடந்துவிடுங்கள்.

12. தஞ்சாவூரிலிருந்து சுமார் 25 கி.மீ. தூரத்தில் வடுவூர் ஏரி. 2022-ல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த பறவைகள் சரணாலயம் இது. நாய் ஒருமுறை குரைத்தால் ஏரிப் பறவைகள் மொத்தமாக எழும்பும். பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து இரை தேடிக்கொண்டிருக்கும் வாத்துகளும் அவற்றில் உண்டு. நாயை இங்கே இறக்கவே வேண்டாம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் படகுப் பயணத்துக்கும் இதுதான் என் கருத்து.

13. கோடியக்கரை. 1967-ல் வெளிமான்களுக்காகவே உருவான சரணாலயம். திறந்த புல்வெளியில் ஓட்டத்தை மட்டுமே நம்பி வாழும் மான் அது. கன்று பிறந்ததும் சில நாட்களுக்குத் தாய் அதைப் புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டு மேயப் போகும். மனிதக் கண்ணுக்குத் தெரியாத கன்றை நாயின் மூக்கு கண்டுபிடித்துவிடும். ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ கன்னியோ வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்ட இனங்கள் அவை. ஒரு மான் ஓடுவதைப் பார்த்துவிட்டால் உங்கள் குரல் அவற்றின் காதில் ஏறாது. வெளிமான் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள்.

சங்கிலியில்தானே பிடித்திருக்கிறோம் என்று சொல்பவர்கள் உண்டு. நோய்க்குச் சங்கிலி கிடையாது. 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, அவற்றில் பலவற்றிடம் நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் இருந்தது உறுதியானது. கோடியக்கரையிலும் நரிகள் இருக்கின்றன. அவை நாய்க் குடும்பம்தான். அதே 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த கஜா புயலில் இந்தக் காட்டின் மான்களும் மட்டக்குதிரைகளும் பறவைகளும் மடிந்தன. அப்படி அடிபட்ட காட்டுக்கு நம்மால் இன்னொரு தொல்லை சேரக் கூடாது. உள்ளே போகிறவர்கள் போகட்டும், நாயும் அதற்குத் துணையாக இருப்பவரும் வேதாரண்யம் ஊருக்குள்ளேயே நிழலில் தங்கட்டும்.

14. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கும் இதே முறைதான். ஒருவர் மாற்றி ஒருவர் போய் வாருங்கள். நடுப்பகலில் சாலையில் நாயை நடத்துவதற்கு முன் புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். உங்களால் ஐந்து நொடி தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது.

15. வீடு திரும்பியதும் குளிப்பாட்டி, காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணியும் முள்ளும் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த இரண்டு, மூன்று வாரத்தில் நாய் சாப்பிடாமல் படுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலோ தாமதிக்காதீர்கள். டெல்டா வயல் பக்கம் போய் வந்ததை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலையும் உண்ணிக் காய்ச்சலையும் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் மருந்தில் குணமாக்கிவிடலாம்.