வில்லங்க நிலத்தை வாங்கி மனையாக விற்கலாமா?

வழக்கில் கிடக்கும் நிலத்தையும் பாகம் பிரியாத நிலத்தையும் மலிவாக வாங்கி, சிக்கலைத் தீர்த்து, மனைகளாகப் பிரித்து விற்பது கூடுமா என்று நம்மிடம் பலர் கேட்கின்றனர்.

பாழ்பட்ட நிலத்தைச் சீராக்குவது மார்க்கத்தில் குற்றமன்று. மஸ்ஜிதுந் நபவீ எழுந்த இடத்தையே பாருங்கள். அது ஸஹ்ல், ஸுஹைல் என்னும் இரு அநாதைச் சிறுவர்களுக்குரிய, பேரீச்சம்பழம் உலர்த்தும் களமாக இருந்தது. அவ்விடத்தில் முஷ்ரிக்குகளின் பழைய கப்ருகளும் இடிபாடுகளும் பேரீச்ச மரங்களும் இருந்தன. சிறுவர்கள் இனாமாகத் தர முன்வந்தும் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்காமல் அவர்களிடமிருந்து அதை விலைக்கு வாங்கினார்கள் என்று புகாரீயில் வருகிறது. கப்ருகள் தோண்டப்பட்டன, இடிபாடுகள் நிரவப்பட்டன, மரங்கள் வெட்டப்பட்டன. உரியவரின் ஹக்கு முதலில், நிலத்தின் திருத்தம் பிறகு என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

நம்மவர் சறுக்குவது அந்த முதற்படியில்தான். ஒருவர் 80 சென்ட் நிலத்தை விட்டு மவுத்தாகிறார். கடனோ வஸிய்யத்தோ இல்லை. வாரிசுகள் மூன்று ஆண் மக்களும் இரண்டு பெண் மக்களும் மட்டுமே. ஆண் மக்களுக்குத் தலைக்கு 20 சென்ட். பெண் மக்களுக்குத் தலைக்கு 10 சென்ட். சகோதரிகளைக் கேளாமல் அண்ணன் தம்பிகள் முழுவதையும் எழுதிக் கொடுத்தால், அவர்களுக்கு விற்க உரிமையுள்ளது 60 சென்ட் அளவுள்ள பங்கு மட்டுமே. மீதி 20 சென்ட்டின் விற்பனை ஷாபிஈ மத்ஹபில் செல்லாது. ஹனபீ மத்ஹபில் அச்சகோதரிகளின் சம்மதம் வரும்வரை நிறுத்திவைக்கப்படும்.

"கோர்ட்டுத் தீர்ப்பு நம் பக்கம்தானே" என்பர் சிலர். வாதத்திறமையால் பிறர் ஹக்கு ஒருவருக்குத் தீர்ப்பாகிவிட்டால், அவர் பெறுவது நெருப்புத் துண்டே என நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவர் கழுத்தில் ஏழு பூமிகள் மாலையாக இடப்படும் என்ற எச்சரிக்கையும் உண்டு. பத்திரம் சுத்தமானால் மட்டும் நிலம் ஹலாலாகிவிடாது. வக்பு நிலமாயின், அதைத் தனிச்சொத்தாக மாற்றிப் பத்திரம் தயாரிப்பவரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

அடுத்தது விற்கும் நேரம். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டபோது விரல்கள் ஈரமாயின. மழையில் நனைந்ததை வியாபாரி அடியில் மறைத்திருந்தார். மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று அன்னார் கண்டித்தார்கள். குளத்தின் மீது கிராவல் கொட்டி மனையென்று விற்பவர் செய்வதும் இதுவேயன்றோ? மேலே காய்ந்த மண், கீழே ஈரம்! பட்ட பாட்டுக்கு லாபம் எடுங்கள். குறையை மட்டும் மறைக்காதீர்கள்.

ஆகவே, அட்வான்ஸ் கொடுக்குமுன் வில்லங்கச் சான்றோடு வாரிசுப் பட்டியலையும் கேளுங்கள். கட்டிக்கொடுக்கப்பட்ட பெண் மக்களின் வீட்டுப்படியேறி, "உங்கள் பங்கு வந்ததா?" என்று விசாரியுங்கள். அந்த ஒரு கேள்வி, நாளை அம்மனையில் குடியேறும் ஏழையின் தொழுகையிடத்தையும் காக்கும்.

வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி வைப்பானாக! ஆமீன்.